மக்காத கோடித்துணி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இது இனிமேல் நடக்கப்போகிற கதை. நடந்து முடிந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன், கேட்க அதுதான் வசதி. கதையில் சாவு வரும். பேய் பிசாசு ஒன்றும் வராது, பயப்படாமல் கேளுங்கள்.

பேட்டை என்கிற நெசவூரில் ஒரு காய்ச்சல் வந்தது. செருப்பு கடித்த புண்ணோ, வெங்காயம் நறுக்கும்போது பட்ட கீறலோ போதும். அதன் வழியாகக் கிருமி ஏறி, ஒரு வாரத்துக்குள் ஆள் முடிந்துவிடும். மருந்துக்கடையில் இருந்த எல்லா மாத்திரைக்கும் அந்தக் கிருமி பழகிப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே விரித்திருந்த விரிப்பிலிருந்தே தொற்றியது. அந்த நேரத்தில்தான் பேட்டை மில்லில் அரண் துணி தயாரானது.

அரண் துணி என்றால் சாதாரணப் பருத்தித் துணிதான். மேலே ஒரு பாலிமர் பூச்சு. பிளாஸ்டிக், நைலான் எல்லாம் சேர்ந்த அதே குடும்பம், நீளநீளமான சங்கிலி மாதிரி இருக்கும் பொருள். அதைக் கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவள் விண்ணரசி. ரசாயனம் படித்தவள். முதல் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாமியார் அமலோற்பவம் தடவிப் பார்த்துவிட்டு, இதில் என்ன மருந்து போட்டிருக்கிறாய் என்று கேட்டாள்.

"மருந்து இல்லத்தே. மருந்துன்னா கரைஞ்சு தீந்துபோகும். இது நூலோட ஒட்டுன முள்ளு. கண்ணுக்குத் தெரியாது, நெருக்கமா நட்டிருக்கோம். கிருமிக்கு மேல ஒரு தோலு இருக்கும்ல, இதுமேல வந்து உக்காந்தா அது கிழிஞ்சு செத்துப்போகும். முள்ளு அப்படியே நிக்கும். அடுத்தது வந்தா அதையும் குத்தும்."

"நம்மளக் குத்தாதா?"

"நம்ம தோலு கெட்டி."

"பாலத் தயிராக்குறதும் கிருமிதான்னு நீதான சொல்லுவ. அத என்ன செய்யும்?"

விண்ணரசி துணியை மடித்து வைத்தாள். "முள்ளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதுத்தே."

அமலோற்பவத்துக்கு அது உடம்பில் அரித்தது. ஒருநாள் கட்டிப் பார்த்துவிட்டு, தன் பழைய சுங்குடிச் சேலைகளுக்கே திரும்பிவிட்டாள். மற்றபடி ஊர் முழுக்க அரணுக்கு மாறியது. தொட்டில் துணி, தலையணை உறை, பள்ளிச் சீருடை, கோயில் பீடத்து விரிப்பு, எல்லாம். காய்ச்சல் நின்றது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தத் துணி நிறையப் பேரைக் காப்பாற்றியது. விண்ணரசியின் கைக்குழந்தை லியோ அந்தத் துணிக்குள்ளேதான் பிழைத்துக் கிடந்தான்.

மூத்தவள் செசிலிக்குத்தான் துணி நேரத்துக்கு வந்து சேரவில்லை. முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஓடி விழுந்து முழங்கால் சிராய்ப்பு. ஆஸ்பத்திரிக்கு அரண் விரிப்புகள் வருவதற்கு முந்தின வாரம் அவளை அங்கே படுக்கவைத்தார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை.

அந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் புதுத்துணி போர்த்துவார்கள், கோடி போடுவது என்று பேர். யார் போட்ட கோடி உசத்தி என்று நாலு பேர் பார்ப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் அரண் துணியாகவே கொண்டுவந்தார்கள். அன்பாகத்தான். தாய்மாமன் நீலத்தில் போட்டான். அத்தை ரோஸில். எல்லாவற்றுக்கும் அடியில், பிள்ளையின் தோலோடு ஒட்டி, தாய் போட்டது இருந்தது. அறுவைச் சிகிச்சை அறைக்கென்று நெய்த துணியை மில்லுக்கு எடுத்துப்போய், பூச்சுத் தொட்டியில் திரும்பத் திரும்ப முக்கி, தன் கையாலேயே காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள் விண்ணரசி.

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் கோடிகளை எடுத்துக்கொள்வது குழி வெட்டுகிறவரின் உரிமை. அன்றைக்கு இன்னாசி கை வைக்கவில்லை. காய்ச்சலில் போன பிள்ளை, வேண்டாம் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் விண்ணரசி விட்டிருக்க மாட்டாள்.

"அப்படியே இருக்கட்டும்ண்ணே. ஒரு எறும்புகூட எம்பிள்ளையத் தொடக்கூடாது."

அவள் அழவில்லை. மறுவாரம் வேலைக்குப் போனாள். கல்லு மாதிரி இருக்கா பாரு என்று பேசினார்கள். அவளுக்கே தன்னைப் பற்றி அப்படித்தான் தோன்றியது. சோறு தின்றாள், பஸ் ஏறினாள், லியோவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். எத்தனை பிள்ளைங்க என்று யாராவது கேட்டால், ரெண்டு, மூத்தவ கோயில் பக்கம் இருக்கா என்பாள். கேட்டவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வருஷங்கள் போயின. பேட்டையில் வாடை என்பதே இல்லாமல் போய்விட்டது. வேர்வை நாறவில்லை, சாக்கடை நாறவில்லை, மீன் கடைத் தெருவில் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. துவைக்கிற தண்ணீரில் பூச்சின் நுனி துளித்துளியாக உதிர்ந்து, வாய்க்காலில் இறங்கி, மண்ணுக்குள் போயிருந்தது. குப்பைமேட்டில் போட்ட வாழையிலை காய்ந்து சலசலத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. சாவு வீட்டில் ஐஸ் பெட்டி கேட்கிற வழக்கமும் போனது. அரண் விரிப்பில் கிடத்தினால் உடம்பு ஒரு வாரம் தாங்கும். மஸ்கட்டிலிருந்து பிள்ளைகள் நிதானமாக டிக்கெட் எடுத்து வந்தார்கள். யாரும் அதை விசாரித்துப் பார்க்கவில்லை. சௌகரியமாக இருந்தது.

லியோ கல்லூரிக்குப் போகிற வயசில் அமலோற்பவம் இறந்தாள். கடைசி மாதங்களில் அவளுக்கு ஒரே பேச்சு. செசிலி தனியாகக் கிடக்கிறாள், என்னை அவள் பக்கத்தில் வை. மகன் சந்தியாகு வேன் ஓட்டுகிறவன், பேச்சுக் குறைவு. வைக்கிறேம்மா என்று கையைப் பிடித்து ஒத்துக்கொண்டான்.

பக்கத்தில் என்றால் அதே குழியில் என்று அர்த்தம். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. பன்னிரண்டு வருஷம் கழிந்தால் திறக்கலாம். உள்ளே மிஞ்சிய எலும்பை வெள்ளைப் பையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவரை இறக்குவார்கள். செசிலியைப் புதைத்தபோது அவள் தாத்தாவின் எலும்பு அப்படித்தான் ஓரத்துக்குப் போனது.

இன்னாசி காலையில் குழியைத் திறந்தார். சந்தியாகுவும் அவன் அக்கா மதலையம்மாளும் நின்றிருந்தார்கள். விண்ணரசி கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில். மண்வெட்டிச் சத்தம் நின்றது. இன்னாசி மேலே ஏறிவந்து தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துணி சாயம்கூடப் போகவில்லை என்று மட்டும் சந்தியாகுவிடம் சொன்னார். அப்புறம் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகைப் பெட்டி உள்ளுக்குள் நேற்றுப் பண்ணினது மாதிரி இருந்தது. மேலே இருந்த கோடியை விலக்கினார்கள். கண்ணுகளா, செசிலி அப்படியே இருந்தாள். கொஞ்சம் வற்றி, பழுப்பேறி. மற்றபடி அதே ரெட்டைச் சடை. வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் சிவப்பு நகச்சாயம், இன்னும் உரியாமல். மீதி விரல்களுக்கு, அவள் விழுந்த அன்றைக்குக் காலையில் நேரமில்லை, பள்ளி வேன் வந்துவிட்டது.

விண்ணரசி பார்த்தாள். தனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் முக்கியெடுத்ததில் ஓர் இடம்கூட விட்டுப்போகவில்லை, பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பங்குச்சாமியார் வந்தார், சுகாதார அதிகாரி அம்மாவும் வந்தார். அந்தம்மாவுக்கு இது புதிதில்லை. போன வருஷத்திலிருந்தே திறக்கிற குழியெல்லாம் இப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னார். புதைப்பதற்கு இடமில்லாமல் ஊர்கள் முழிக்கின்றன. மக்காதவர்களை எடுத்து மின்மயானத்துக்கு அனுப்பிவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. சாம்பலைப் பாத்திரத்தில் கொடுப்பார்கள், அதைப் பாட்டியோடு வைத்துக்கொள்ளலாம். கொடுமைக்காகச் சொல்லவில்லை, வேறு வழி தெரியவில்லை என்றார்.

மதலையம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. "எங்கம்மா பேத்திகூடப் படுக்கணும்னு கேட்டுச்சு. நீங்க சொம்புல போட்டுத் தர்றேங்கிறீங்க."

எரிப்பது பாவமில்லை என்று சாமியார் சமாதானம் சொன்னார்.

"பாவம்னு நானும் சொல்லல சாமி," என்றாள் விண்ணரசி. அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "எம்பிள்ள மண்ணோட போறதுக்கு இருந்தா. நாந்தான் போகவிடாம நிறுத்துனேன். நிறுத்துனவதான விடணும்."

அதிகாரி அவளைப் பார்த்தார். துணியை நீக்கிவிட்டால் பழைய காய்ச்சல் கிளம்பாதா என்று கேட்டார்.

"உள்ள எதுவுமே உயிரோட இல்ல மேடம். காய்ச்சலும் இல்ல, வேற ஒண்ணும் இல்ல. அதுதான் இங்க கஷ்டமே. துணியில இருந்து உதிர்ந்த முள்ளு உடம்புக்குள்ளயும் போயிருக்கு. சூடான சலவைச்சோடாத் தண்ணி விட்டா பூச்சு கழண்டுரும், மில்லுல தொட்டிய அப்படித்தான் கழுவுவோம். கழுவிட்டு வெறும் பருத்தியில சுத்தி வைக்கிறேன். எங்கத்தைய அவமேல வைங்க. மழை முடியிற வரைக்கும் டயம் குடுங்க. மாறலேன்னா நானே எடுத்துட்டு வந்து உங்க மின்மயானத்துல குடுக்குறேன்."

அடக்கம் எப்போது என்று அதிகாரி விசாரித்தார்; மஸ்கட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். பிறகு, இந்த ஒரு குழிக்கு மட்டும் பார்ப்போம் என்றார். கிளம்பும்போது வடக்கு வரிசையில் ஒரு கல்லறைமுன் கொஞ்சநேரம் நின்றார். அவருடைய அப்பா என்று இன்னாசி பின்னால் சொல்லித்தான் தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்துச் சிமெண்ட் மேடையில் வைத்துக் கழுவினார்கள். மதலையம்மாள் வெந்நீர் ஊற்றினாள். விண்ணரசி கோடிகளை ஒவ்வொன்றாக உரித்தாள். இது நீலம், எங்கண்ணன் போட்டது. இது ரோஸ், உங்களது மதினி. பெயர் சொல்லிச் சொல்லி மடித்து வைத்தாள். கடைசியாகத் தன்னுடையது. அது தோலோடு ஒட்டியிருந்தது. சோடாத் தண்ணீரை விட்டு விட்டு, ஓரத்திலிருந்து நீவி நீவி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்ட யாரையும் விடவில்லை. இப்போது குளிப்பாட்டினாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரலிடுக்கில். வீட்டில் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரியே கை போனது. மதலையம்மாள்தான் சொம்பை வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் பண்ணலையாத்தா?"

"இல்ல மதினி. பண்ணுனா நல்லாருக்கும்."

மாமியாரின் சுங்குடிச் சேலைகளில் நைந்துபோன ஒன்றை எடுத்துவந்து பிள்ளையைச் சுற்றினார்கள். ஊரில் பூச்சுப் படாத துணி என்று மிஞ்சியிருந்தது அந்தக் கிழவியின் பெட்டியில்தான்.

அப்போதுதான் இன்னாசி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். துணி வேலை முடிந்தது சரி. ஆனால் இந்தத் தோட்டத்து மண்ணை வெட்டினால் ஒரு மண்புழு வருவதில்லை, ஒரு வண்டு இல்லை. எத்தனையோ அரண் துணி உள்ளே போயிருக்கிறதல்லவா. இந்த மண்ணுக்குள் எதை வைத்தாலும் அலமாரிக்குள் வைத்த மாதிரிதான்.

விண்ணரசி ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனாள். எந்த வாசமும் இல்லை. அவர் சொன்னது நிஜம்தான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மதலையம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "எல்லாரும் ஆளுக்கு ஒருபிடி மண்ணு அள்ளிப் போடத்தான போறோம். இங்க உள்ள மண்ணத்தான் போடணும்னு வேதத்துல இருக்கா? அவுகவுக வீட்டுல இருந்து கொண்டாரச் சொல்லு."

அவள் கோபத்தில்தான் சொன்னாள். விண்ணரசி தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தாள்.

சாவுக்குச் சொல்லி அனுப்பும்போது இதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார்கள். வரும்போது ஒருபிடி மண் கொண்டுவாருங்கள், உயிருள்ள மண்ணாக. ஊரே குழம்பிப்போனது. எது உயிருள்ள மண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாறினால் உயிரிருக்கிறது என்று விண்ணரசி சொன்னாள். அப்புறம் பாருங்கள், இத்தனை வருஷமாக நாற்றத்தைக் கண்டு ஓடின ஜனம், நாற்றத்தைத் தேடிக்கொண்டு பைக்கில் சுற்றியது. பேட்டைக்குள் கிடைக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப்புறம், அரண் தண்ணீர் போய்ச் சேராத மேட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவத்தைத் தூக்கிவந்தார்கள். செசிலியைக் கீழே வைத்து, மேலே கிழவியை அவளுடைய சுங்குடிச் சேலையோடேயே இறக்கினார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். சாம்பிராணிப் புகையையும் மீறி ஒரு வாடை சூழ்ந்தது. ஒருத்தர் பன்றிக்கொட்டில் மண்ணைப் பாலிதீன் பையில் தொங்கவிட்டிருந்தார். வாழைத்தூர் அடியில் தோண்டியதை ஒருத்தி முந்தானையில் முடிந்துவந்திருந்தாள். எருமைத் தொழுவத்துச் சேற்றைக் கொண்டுவந்தவன் சட்டையெல்லாம் ஈரம். மஸ்கட்டிலிருந்து வந்த மருமகன் நர்சரிக் கடையில் பாக்கெட் மண் வாங்கிவந்திருந்தான். மதலையம்மாள் அதை வாங்கி, பின்னால் அச்சடித்திருந்ததைப் படித்தாள். கிருமி நீக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

"தொரை பவுடர் டப்பா வாங்கிட்டு வந்திருக்காரு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அடக்கம் என்பதையும் மறந்து நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அமலோற்பவம் இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

வரிசையின் கடைசியில் சுகாதார அதிகாரி நின்றார். கையில் ஒரு டிபன் டப்பா. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கறுப்பு மண்ணைக் குழியில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார்.

விண்ணரசி பன்றிக்கொட்டில் மண்ணில் ஒருபிடி வாங்கினாள். மில் ஆட்கள் கைக்குப் பூசுகிற பூச்சை அவள் அந்த வாரம் முழுக்கத் தொடவில்லை. மண் குளிர்ந்து பிசுபிசுவென்று இருந்தது. போட்டாள். அப்போதும் உள்ளே எதுவும் அசையவில்லை. வீட்டுக்குப் போய், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. அவள் வேலைக்குப் போய்வந்தாள். மாறாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று, அதனால் அதைப்பற்றி யோசிக்கவில்லை. மழை வெறித்த ஒரு காலையில் இன்னாசி ஆள் அனுப்பினார். வந்துவிட்டுப் போகச் சொன்னார் என்று மட்டும் சேதி. சந்தியாகு லோடு ஏற்றப் போயிருந்தான். மதலையம்மாள்தான் கூட வந்தாள், வழியெல்லாம் ஆட்டோக்காரனைப் பள்ளம் பார்த்து ஓட்டச்சொல்லித் திட்டிக்கொண்டு.

வாசல் கம்பிக்கதவைத் தாண்டும்போதே மதலையம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். இன்னாசி ஓடிவந்தார். முகத்தில் குற்றவாளிக் களை.

"பக்கத்துத் தெருவுல இருந்து வந்து சத்தம் போட்டுட்டுப் போறாங்க தங்கச்சி. மழத்தண்ணி எறங்குனதுல மண்ணு அமுங்கி வாடை மேல வந்துருச்சு. எனக்கே பழக்கம் விட்டுப்போச்சு, கொமட்டுது. ரெண்டு மூட்ட சுண்ணாம்பு கொட்டுனா அடங்கிரும். ஒன்னயக் கேக்காம எப்படிப் போடுறதுன்னு..."

"போடாதீங்கண்ணே," என்றாள் விண்ணரசி. "மண்ணு மட்டும் இன்னும் ரெண்டு கூடை மேல ஏத்துங்க. வாய்க்காலுக்கு அங்கிட்டு உள்ள மண்ணு. நான் கொண்டுவந்து தர்றேன்."

அவள் குழியருகே போனாள். ஈரமண் ஓரங்களில் விரிசல் விட்டு உள்வாங்கியிருந்தது. அந்த வாடை கனமாக, இனிப்பும் புளிப்புமாக, தொண்டை வரைக்கும் வந்தது. பேட்டையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. விண்ணரசிக்குத் தெரியும். அவள் மூக்கைப் பொத்தவில்லை. சேலை நனைவதைப் பார்க்காமல் சேற்றிலேயே உட்கார்ந்தாள். ஒரு ஈ வந்து அவள் புறங்கையில் உட்கார்ந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று, ஒரு ஈயைப் பார்த்து. அதை அவள் ஓட்டவில்லை.

அவள் தோள் குலுங்கியதை மதலையம்மாள் பின்னாலிருந்து பார்த்தாள். வாடை தாங்காமல் குமட்டுகிறாள் என்று நினைத்து, எழுந்து வாத்தா, போவோம் என்றாள்.

விண்ணரசி திரும்பினாள். முகமெல்லாம் ஈரம்.

"செசி செத்துப்போனா மதினி."

மதலையம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். சேற்றில் இறங்கி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். துக்க வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கேட்கிற குரலில் கேட்டாள்.

"எப்பத்தா?"

"இப்பத்தான் மதினி," என்றாள் விண்ணரசி. "இப்பத்தான்."